நுரை வரும்வரை

மழை விட்டபாடில்லை. பன்னிரண்டு நாளாகத் தெருவில் ஒரு துணி ஒழுங்காகக் காயவில்லை. மொட்டை மாடிக் கொடிகளை எல்லாம் அவிழ்த்துக் கொண்டுவந்து வீட்டுக்குள் கட்டிக்கொண்டிருந்தார்கள். எந்த வீட்டுக் கதவைத் திறந்தாலும் ஈரத்துணியின் புழுக்க வாடைதான் முதலில் வந்து முகத்தில் அடித்தது. ஊருக்கே எரிச்சலாகிப்போன அந்த மழை, மிஷின்காரருக்கு மட்டும் வேலைக்காலம். வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்ப்பவர் அவர். இருபத்தாறு வருஷமாக அதே வேலை. அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைந்துபோய், வீட்டுக்காரர்கள், வாட்ச்மேன்கள், டீக்கடைக்காரர் எல்லாருக்கும் அவர் மிஷின்காரராகவே ஆகிவிட்டார்.

அன்று புதன்கிழமை. கடைசி வேலை ஒரு டீச்சரம்மா வீட்டில். சமையலறைத் தரை முழுக்க நுரை. மெஷினின் கதவிடுக்கு வழியாக இன்னும் பொங்கிக்கொண்டிருந்தது. அவர் கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டுக்கொண்டு, கீழே உட்கார்ந்து, வடிகால் குழாயைக் கழற்றி வாளியில் விட்டார்.

"இவ்வளவு நுரை வருதே, துணி நல்லா வெளுக்கும்னு நெனச்சேன்" என்றாள் டீச்சரம்மா.

"நுரைக்கும் வெளுப்புக்கும் சம்பந்தமே இல்லம்மா. நுரை ஏறினா மிஷினுக்கு மூச்சு முட்டும். ஒரு மூடி பவுடர் போதும். அதுக்கு மேல போடறதெல்லாம் எனக்கு வேலை குடுக்கறதுக்குத்தான்."

தினம் ஒரு தடவையாவது யார் வீட்டிலாவது இதைச் சொல்லிவிடுவார். வழக்கமாக அவரே சிரிப்பார். அன்று சிரிக்கவில்லை. ஏழு மணிக்குள் வீட்டுக்குப் போகவேண்டும் என்றும் இருந்தது, போகவேண்டாம் என்றும் இருந்தது. புதன்கிழமை ஏழு மணிக்கு மகள் போன் செய்வாள். அம்மாவிடம் பேசுவாள். அவரிடம் பேசமாட்டாள்.

மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. முன்னறையில் ஒரு பக்கம் சோபா. ஜன்னலோரம் அவருடைய மேஜை. அதில் வயிறு பிளந்த சர்க்யூட் போர்டுகள். எதிர்ச்சுவரில் தாழ்வான ஒரு அலமாரி மேல் அந்தக் கண்ணாடித் தொட்டி. இரண்டடி நீளம், ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் குறைவான உயரம். உள்ளே உப்புத் தண்ணீர், ஊதா படர்ந்த நாலு பாறைத் துண்டுகள், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கோமாளி மீன்கள். மகள் பத்தொன்பது வயதில், டியூஷன் எடுத்த காசில் தானே வாங்கி, தானே ஒட்டி, தானே உப்பைக் கரைத்து நிரப்பியது.

அவர் உள்ளே வந்தபோது போன் ஏற்கெனவே ஸ்பீக்கரில் இருந்தது. மனைவி சோபாவில் உட்கார்ந்து வலது தோளில் சுடுதண்ணீர்ப் பையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் சத்தமில்லாமல் செருப்பை விட்டுவிட்டுப் போய் மேஜை முன் முதுகு காட்டி உட்கார்ந்து, ஒரு போர்டைக் கையில் எடுத்துக்கொண்டார். சூடேறாத சால்டரிங் கம்பியால் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"மீன் எப்படிம்மா இருக்கு?"

"ரெண்டும் மேலயே நிக்குது. வாயை வாயைத் திறக்குது."

"தண்ணி மாத்துனியா?"

"இந்த வாரம் முடியலடி. தோளு தூக்க விடமாட்டேங்குது."

"மேல எண்ணெய் மாதிரி படிஞ்சிருக்கா? தண்ணி மஞ்சளா இருக்கா?" என்றாள் மகள்.

"ரெண்டும்தான்."

"அப்ப ஸ்கிம்மர் இல்லாம இனிமே தாங்காதும்மா. நான் செஞ்சு வச்சது என்ன ஆச்சு?"

"அது விரிசல் விட்டுப் போச்சு. தூக்கி மேல போட்டுட்டேன்."

மிஷின்காரர் திரும்பாமலே சொன்னார். "நான் வாங்கிட்டு வரேன்னு சொல்லு."

ஸ்பீக்கரில் அது அந்தப் பக்கம் கேட்டிருக்கும். இருந்தாலும் மனைவி, "அப்பா வாங்கிட்டு வராராம்" என்றாள்.

"எது வாங்கணும்னு தெரியுமான்னு கேளு."

"எது வாங்கணும்னு தெரியுமான்னு கேக்கறா."

"மோட்டார்தானே. இத்தனை வருஷம் மோட்டாரோடதான் குடும்பம் நடத்தியிருக்கேன்னு சொல்லு."

"அது எனக்கே தெரியும்" என்றாள் மனைவி. அதை மட்டும் அவள் போனில் திருப்பிச் சொல்லவில்லை.

"டேங்குக்கும் பின்னால செவுத்துக்கும் நடுவுல எவ்வளவு இடம் இருக்குன்னு அளந்துட்டுப் போகச் சொல்லும்மா. மீன் கடையக்கா அதைத்தான் முதல்ல கேப்பாங்க."

ஐந்து மாதமாக வீட்டில் பேச்சு இப்படித்தான். 'அப்பாகிட்ட சொல்லு', 'அவகிட்ட கேளு' என்று நடுவில் ஒருத்தியை வைத்துக்கொண்டு.

ஆரம்பம் அதற்கும் முன்னாலேயே. பன்னிரண்டாவது முடித்ததும் கடல் மீன் பற்றிப் படிக்கவேண்டும் என்றாள் மகள். "மீனைப் படிச்சு என்ன பண்ணப்போற? மார்க்கெட்ல கடை போடப்போறியா?" என்று கேட்டு, கணக்குப் படிப்பில் சேர்த்துவிட்டார் அவர். அவள் சண்டை போடவில்லை. படித்தாள், பாஸ் பண்ணினாள், ஆனால் வீட்டுக்குள் ஒரு கடலைக் கொண்டுவந்து வைத்தாள். அதற்கு அழுக்கெடுக்கும் ஸ்கிம்மர் என்று ஒரு பிளாஸ்டிக் பாட்டிலும் காற்று மோட்டாரும் வைத்து அவளே ஒன்று செய்திருந்தாள். அது ராப்பகலாகக் களகளவென்று கொப்பளிக்கும். நாளெல்லாம் மெஷின் சத்தத்திலேயே கிடந்துவிட்டு வருகிறவருக்கு அது காதுக்குள் பூச்சி புகுந்தது போல இருந்தது.

போன கோடையில் மகள் ஒரு பரீட்சைக்காக இரண்டு நாள் வெளியூர் போயிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் கண் அசரலாம் என்று படுத்தவர், அந்தச் சத்தம் பொறுக்காமல் எழுந்துபோய் பிளக் பாக்ஸையே பிடுங்கிவிட்டார். தண்ணீரைச் சுழற்றும் பம்பும் அதில்தான் இருந்தது. தூங்கி எழுந்து ஒரு அவசர வேலைக்குப் போனவர் அப்படியே மறந்தும் போனார். மனைவி அந்த இரண்டு நாளும் அக்கா வீட்டில் இருந்தாள். திங்கட்கிழமை சாயந்திரம் மகள் வந்து பார்த்தபோது தண்ணீர் பால் மாதிரி வெளுத்திருந்தது. ஐந்து மீனில் மூன்று மல்லாந்து மிதந்தன. அவர் பயந்துதான் போனார். ஆனால் பயந்தபோது வாயிலிருந்து வந்தது, "மீன்தானே, வேற வாங்கிக்கலாம்" என்பதுதான்.

அன்றோடு அவள் அவரிடம் பேசுவதை நிறுத்தினாள். மூன்று வாரத்தில் வேறு ஊரில் ஏதோ வேலை என்று கிளம்பிவிட்டாள். நாலு பேர் தங்கும் அறையில் தொட்டிக்கு இடமில்லை; தனியாக வீடு பார்த்ததும் வந்து மீனை எடுத்துக்கொள்வதாக அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள். மிஷின்காரர் பிடித்துக்கொண்டது அந்த ஒரு வார்த்தையைத்தான். மீன் உயிரோடு இருந்தால் ஒரு தடவையாவது அவள் இந்த வாசல்படி ஏறியாகவேண்டும். யாரிடமும் அவர் இதைச் சொன்னதில்லை.

மறுநாள் காலையில் ஸ்கேலை எடுத்துத் தொட்டிக்குப் பின்னால் விட்டு அளந்தார். இரண்டு அங்குலம். துண்டுச்சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மூன்று வேலைகளைத் தள்ளிவைத்துவிட்டு, இரண்டு பஸ் மாறிப் போனார்.

மீன் கடை ஒரு பழைய வணிக வளாகத்தின் மாடியில் இருந்தது. இருட்டான நடையில் தொட்டிகளின் நீல வெளிச்சம் மட்டும். கடைக்காரம்மாள் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, கையை முழங்கை வரை ஒரு தொட்டிக்குள் விட்டுப் பாறையை நகர்த்திக்கொண்டிருந்தாள். உப்பில் ஊறி ஊறி அந்தக் கைகள் சொரசொரவென்று வெளுத்திருந்தன. அவர் தொட்டியின் அளவைச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க பாப்பாவோட அப்பாவா?"

"ஆமா."

"ஓ. பிளக்கைப் புடுங்கினவரு."

இருபத்தாறு வருஷ வேலையில் கிடைக்காத பட்டப்பெயர் இங்கே ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கிடைத்திருந்தது. கடைக்காரம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு ஸ்டூலை அவர் பக்கம் தள்ளினாள்.

"உக்காருங்க. பின்னால எவ்வளவு இடம்?"

"ரெண்டு இன்ச்."

"மீனு ரெண்டுதானே இப்ப? பவளம் ஏதாவது இருக்கா?"

"பாறைதான் இருக்கு. ஏம்மா, முதல்ல இது என்ன பண்ணும்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. நான் மெஷின் ரிப்பேர் பாக்கறவன்."

"அப்ப சுலபம். மீனு திங்கற தீனி, அது போடற கழிவு, எல்லாம் தண்ணியில கரையுதில்ல? அது அழுகி விஷமாகறதுக்கு முன்னாடி வெளிய எடுத்துடணும். இது தண்ணியை உள்ள இழுத்து, காத்தைக் கலந்து, பொடிப்பொடியா குமிழி விடும். அழுக்கு அந்தக் குமிழியில ஒட்டிக்கிட்டு மேல ஏறும். நுரையா இந்தக் கப்புல வந்து விழும். டிக்காஷன் மாதிரி இருக்கும். நாத்தம் குடலைப் புடுங்கும்."

"சோப்பு இல்லாமயா நுரை?"

"உப்புத் தண்ணியில அழுக்கே நுரைக்கும். சோப்பு ஒரு சொட்டு பட்டாலும் மீனு காலி."

மிஷின்காரருக்கு வேடிக்கையாக இருந்தது. நுரையை அடக்குவதற்கே கூலி வாங்கித் தின்றவர் அவர்.

கடைக்காரம்மாள் மூன்றை எடுத்து மேஜையில் வைத்தாள். முதலாவது ஒல்லியான ஒரு குழாய். "இதுக்குள்ள மோட்டார் கிடையாது. வெளியில காத்து மோட்டார் வைக்கணும். அடியில இந்த மரக்கட்டைதான் குமிழி விடும். மாசத்துக்கொரு தடவை கட்டை ஊறிப்போகும், மாத்தணும். பாப்பா செஞ்சு வச்சிருந்தது இந்த ஜாதிதான். சத்தம் போடும். உங்களுக்குத்தான் சத்தம் ஆகாதே."

"சத்தம் பரவாயில்ல."

"இன்னைக்குப் பரவாயில்லம்பீங்க" என்று அதை ஓரமாக வைத்தாள்.

இரண்டாவது பெரியது. தொட்டியின் விளிம்பில் வெளிப்பக்கமாகத் தொங்குவது. "வேலை செய்யறதுல இதுதான் ராஜா. ஆனா பின்னால அஞ்சு இன்ச்சாவது வேணும்."

"அலமாரியை முன்னால இழுத்துடறேன்."

"தண்ணியோட இழுத்தா கண்ணாடி ஒட்டு விட்டுடும். பாதித் தண்ணியை இறக்கணும். இறக்கினாலும் சரி, இன்னொரு விஷயம் இருக்கு. உள்ள அடைச்சுக்கிச்சுன்னா தண்ணி வெளிய வழியும். உங்க பிளக் பாக்ஸ் எங்க இருக்கு?"

"பின்னால, கீழ."

"அவ்வளவுதான்" என்றாள். அவர் அந்த இரண்டாவதை மறுபடி பார்க்கவில்லை.

மூன்றாவது உள்ளங்கை அகலத்தில் கறுப்பாக இருந்தது. தொட்டிக்குள்ளேயே ஒரு மூலையில் ரப்பர் உறிஞ்சியால் ஒட்டி நிற்கும். மோட்டார் அதற்குள்ளேயே இருக்கும். "டப்பாவுல இருநூறு லிட்டருக்குப் போதும்னு போட்டிருப்பான். நம்பாதீங்க. பாதின்னு வச்சுக்கங்க. உங்களுது எழுபது லிட்டர், மீனும் ரெண்டுதான். தாராளமா போதும். மூலையில கொஞ்சம் இடத்தை அடைக்கும், அழகா இருக்காது. தண்ணி மட்டம் ஒரே அளவுல இருக்கணும். ஆவியாகி இறங்கிடுச்சுன்னா நுரை ஏறாது."

"மட்டம் பாக்கறது என் வேலைதாம்மா. இதைக் கழட்டிப் பாக்கலாமா?"

"உடைச்சா உங்களுது."

அவர் பையிலிருந்து ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மோட்டாரைத் திறந்தார். தண்ணீரைத் தள்ளும் சக்கரத்தில் தகடு இல்லை. முள்ளு முள்ளாக, சீப்பைச் சுருட்டி வைத்தது போல இருந்தது. "காத்தை நறுக்கறதுக்கா?" என்றார். "கண்டுபுடிச்சிட்டீங்களே" என்றாள் அவள். அதற்கப்புறம்தான் அவருக்கு முகம் தெளிந்தது. மூன்று தடவை கழற்றி மாட்டினார். ஒரு வாளித் தண்ணீரில் ஓடவிட்டு, குனிந்து காதை வைத்துக் கேட்டார். மெல்லிய ரீங்காரம். தள்ளாட்டம் இல்லை.

"இதையே குடுங்க."

கட்டிக் கொடுக்கும்போது கடைக்காரம்மாள் அவர் கைகளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். வருஷக்கணக்காகச் சோப்புத் தண்ணீரில் கிடந்து வெடித்த கைகள்.

"இந்தக் கையை டேங்குக்குள்ள விட்டுடாதீங்க. தோலுக்குள்ளயே சோப்பு ஊறியிருக்கும். வீட்டம்மாவை வைக்கச் சொல்லுங்க. அவங்களுக்குப் பழக்கம்தானே. மாசாமாசம் ரெண்டு பஸ் மாறி வந்து உப்பு மூட்டையைத் தூக்கிட்டுப் போறாங்களே."

அவருக்கு அது தெரியாது. உப்பு எங்கிருந்து வருகிறது என்று அவர் யோசித்ததே இல்லை.

அன்று மதியமே வைத்தார்கள். மனைவி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கைகளை வெறும் தண்ணீரில் பலமுறை கழுவிவிட்டு வந்தாள். வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. இடது கையால் அதை மூலையில் அழுத்தினாள். அவர் பக்கத்தில் நின்று, கண்ணாடியில் பேனாவால் மட்டக்கோடு போட்டார்.

"இன்னும் ஒரு நூல் கீழ. சாய்ஞ்சிருக்கு பாரு. அப்படி இல்ல, உன் பக்கம்."

"என் பக்கம்னா எந்தப் பக்கம்? நீங்க அங்க நிக்கறீங்க, நான் இங்க நிக்கறேன்."

"ஜன்னல் பக்கம்."

பிளக்கை அவர்தான் சொருகினார். சொருகிவிட்டு ஒரு நிமிஷம் கையை அதன் மேலேயே வைத்திருந்தார். தொட்டி முழுக்கப் பொடிக்குமிழிகள் பனிமூட்டம் போலப் பரவின. மீன்கள் பயந்து பாறைக்குப் பின்னால் போய்விட்டன. கப்பில் ஒன்றும் வரவில்லை.

சாயந்திரமும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. கடைக்குப் போன் போட்டுக் கேட்டார். "புதுசுல எண்ணெய்ப்பசை இருக்கும். அது போய்ப் பழகறதுக்கு அஞ்சாறு நாளாகும். அதுக்குள்ள திருகிக்கிட்டே இருக்காதீங்க" என்றாள் கடைக்காரம்மாள். அவரால் திருகாமல் இருக்க முடியவில்லை. காற்றுத் திருகை ஒரு முடி அளவு திறப்பார், மூடுவார். வேலைக்குப் போன இடத்திலிருந்து மதியம் வீட்டுக்குப் போன் போடுவார். கல்யாணமான புதிதில்கூட அப்படிப் போட்டதில்லை.

"வந்துச்சா?"

"குழாய்ல பாதி வரைக்கும் ஏறுது, உடையுது."

"மட்டம்?"

"கோட்டுக்குக் கீழ அரை விரக்கடை. நல்ல தண்ணி ஊத்தவா?"

"ஒரு டம்ளர் ஊத்து. மெதுவா."

சாயந்திரம் ஆறு மணிக்கே வீட்டுக்கு வர ஆரம்பித்தார். மனைவி டீயும் ரொட்டியும் அவித்த முட்டையும் கொண்டுவந்து வைப்பாள். இருவரும் தொட்டியைப் பார்த்தபடி சாப்பிடுவார்கள். நாலாவது நாள் மீன்கள் மேலே வந்து வாய் திறப்பதை நிறுத்தின. மேற்பரப்பிலிருந்த எண்ணெய்ப்படலம் காணாமல் போயிற்று. மனைவி ஒரு சிட்டிகை தீனியைப் போட்டாள். பெரிய மீன் அவள் விரலருகே வந்து எடுத்துக்கொண்டது.

ஆறாவது நாள், புதன்கிழமை. ஐந்தரை மணிக்கு அவர் வந்தபோது, கழுத்துக் குழாயில் கனமான, பழுப்பான நுரை ஒன்று வட்டமாகச் சுழன்று ஏறிக்கொண்டிருந்தது. விளிம்பில் வந்து நின்றது. கனத்துச் சாய்ந்தது. கப்புக்குள் விழுந்தது. அடியில் ஒரு விரல் உயரத்துக்குப் பழுப்புத் தண்ணீர் ஏற்கெனவே சேர்ந்திருந்தது. அவர் கப்பைக் கழற்றி மூக்கருகே கொண்டுபோய், முகத்தைச் சுளித்துக்கொண்டு, "இங்க வா, இங்க வா, மோந்து பாரு!" என்று கத்தினார். சமையலறையிலிருந்து ஓடிவந்த மனைவி மோந்துவிட்டு, "கர்மம்!" என்றாள். இருவரும் சிரித்தார்கள். அந்த முன்னறை சிரிப்புச் சத்தத்தைக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

ஏழு மணிக்குப் போன் அடித்தது. மனைவி எடுப்பதற்குள் அவர் எடுத்துவிட்டார். எடுத்த பிறகுதான் எடுத்தது உறைத்தது.

"அம்மா?"

"நுரை வந்துடுச்சும்மா" என்றார் அவர். "உள்ள வைக்கற டைப்தான் வாங்கினேன். ஆறு நாளாச்சு. இன்னைக்குத்தான் வந்துச்சு. மீனு ரெண்டும் கீழ இறங்கி நல்லா சுத்துது. டிக்காஷன் மாதிரி இருக்கு, நீ பாத்தா..."

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். போகவில்லை.

"அப்பா" என்றாள் மகள்.

ஐந்து மாதம் கழித்துக் காதில் விழுந்த சொல். அவர் அப்படியே மேஜைமேல் சாய்ந்து நின்றார்.

"சொல்லும்மா."

"அந்த மீனைக் கடையக்காகிட்ட குடுத்துடுங்கப்பா. நான் பேசிட்டேன், வாங்கிக்கறேன்னு சொல்லியிருக்காங்க."

"ஏம்மா? இப்பதான் நல்லாயிருச்சே. நீ வீடு பாத்துட்டு வரப்ப..."

"நான் வரலப்பா. கடல் மீன் குஞ்சு பொரிக்கிற பண்ணை ஒண்ணுல வேலை கிடைச்சிருக்கு. ஒரு வருஷமா ராத்திரி ராத்திரி படிச்சேன். ரொம்பத் தூரம். தீவு மாதிரி இடம். போன்கூட சரியா கிடைக்காது. அங்க நூறு டேங்கு இருக்கு. இந்த ரெண்டை எடுத்துக்கிட்டுப் போய் நான் என்ன பண்ணப்போறேன்?"

"எப்ப கிளம்பற?"

"வெள்ளிக்கிழமை."

"ஒரு எட்டு வீட்டுக்கு வந்துட்டு..."

"இல்லப்பா." கோபம் இல்லாத குரல். கோபம் இருந்திருந்தால் அவர் ஏதாவது பதில் சொல்லியிருப்பார். "அங்க வந்தா எனக்கு அந்தத் திங்கட்கிழமைதான் ஞாபகம் வரும். அம்மாகிட்ட எல்லாம் சொல்லிட்டேன். நீங்க உடம்பைப் பாத்துக்கங்க."

"சரிம்மா" என்றார். போன் அணைந்தது.

மனைவி வாசற்காலில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"போன சனிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமையே தெரியும். பகல்ல போன் பண்ணிச் சொன்னா."

"ஸ்கிம்மர் வாங்கறதுக்கு முன்னாடியே? அப்புறம் ஏன் சொல்லல? நான் பைத்தியக்காரன் மாதிரி..."

"நீங்க வாங்கிட்டு வரேன்னு சொன்னீங்க. போகட்டும்னு விட்டேன்" என்றாள். "ஒரு காரியத்தை நீங்க இப்படி உக்காந்து பாத்துப் பாத்துச் செஞ்சு நான் பாத்ததில்ல. கெடுக்க மனசு வரல."

அவர் அன்று சாப்பிடவில்லை. அவள் எடுத்துவைத்தது அப்படியே மூடிக் கிடந்தது.

வியாழக்கிழமை காலையில் அவர் மொட்டை மாடியிலிருந்து மூடி போட்ட வாளியையும் வலையையும் கொண்டுவந்தார். ஸ்கிம்மரின் ரீங்காரத்தோடு தொட்டி தெளிந்து நின்றது. அவர் மேல்மூடியைத் தூக்கி ஓரமாக வைத்தார்.

"என்ன பண்றீங்க?" என்றாள் மனைவி.

"பாப்பா சொல்லிட்டாளே. கடையில குடுத்துட்டு அப்படியே வேலைக்குப் போறேன். நீதான் வலையைப் போடணும். என் கை ஆகாது."

அவள் வலையை வாங்கினாள். வாங்கி, சோபாமேல் போட்டாள்.

"அவ சொன்னா. நீங்க சரின்னுட்டீங்க. எங்கிட்ட யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அவருக்குப் புரியவில்லை. "உங்கிட்ட என்ன கேக்கறது?"

"அதான். என்ன கேக்கறதுன்னே தெரியல. அஞ்சு மாசமா அவ சொன்னதை உங்ககிட்ட சொன்னேன், நீங்க சொன்னதை அவகிட்ட சொன்னேன். நடுவுல நான் ஒருத்தி இருக்கேன்னு ரெண்டு பேருக்கும் தோணல. தண்ணி கலக்கினது யாரு? தீனி போட்டது யாரு? பகல் பூரா இந்த வீட்டுல எனக்கு வேற யாரு இருக்கா? நான் எந்திரிச்சு வந்து நின்னா அந்தப் பெருசு மூலையிலிருந்து ஓடிவருது."

"உனக்கு இதுங்களைப் பிடிக்கும்னு எனக்குத் தெரியாது."

"எனக்கு எது பிடிக்கும்னு உங்களுக்குத் தெரியும்?"

இதை அவள் சண்டைக் குரலில் சொல்லவில்லை. கடையில் என்ன இருக்கிறது என்று கேட்பது போலச் சொன்னாள். அவர் யோசித்துப் பார்த்தார். ஏதாவது ஒன்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் யோசித்தார். ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை.

"நீங்க பிளக்கைப் புடுங்கின அன்னைக்கு எனக்கும்தான் மூணு மீனு செத்துது" என்றாள் அவள். "அவ கோவிச்சுக்கிட்டா, கிளம்பிட்டா. நான் யார்கிட்ட கோவிச்சுக்கிட்டு எங்க போறது?"

மேல்மூடியை எடுத்துத் தொட்டியின் மேல் அவளே திருப்பி வைத்தாள். பிறகு கப்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு கழுவுவதற்காகக் குளியலறைக்குப் போனாள். தண்ணீர் விழும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. அவருடைய போன் அடித்தது. யாரோ வீட்டில் மெஷின் நின்றுபோயிருக்கும். அவர் எடுக்கவில்லை.

வலையையும் வாளியையும் கொண்டுபோய் இருந்த இடத்தில் வைத்துவிட்டு வந்து, வேறு வாளி எடுத்து, தண்ணீர் பிடித்தார். அவள் வந்து உப்பை அளந்து போட்டாள். கரைந்ததும் வாளியைத் தூக்கி ஸ்டூல் மேல் வைத்தார். அது இவ்வளவு கனம் என்று அவர் நினைத்திருக்கவில்லை. வாராவாரம் அவள் தூக்கியது இதைத்தான். இருவரும் பாதி நாளை அதில் கழித்தார்கள்.

அடுத்த புதன்கிழமை ஏழு மணிக்குப் போன் வரவில்லை. வராது என்று இருவருக்கும் தெரியும். தெரிந்தும் அவர் ஆறு மணிக்கே வந்துவிட்டார். அவளும் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தாள். யாருக்கும் எதையும் எடுத்துச் சொல்லவேண்டிய வேலை இப்போது அவளுக்கு இல்லை. ஏழரை ஆயிற்று. அவர் மேஜையிலிருந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்து உட்கார்ந்தார். கேட்பதற்கு ஏதாவது இருக்கவேண்டும் என்று தேடினார். கடைசியில் ஒன்று கிடைத்தது.

"தோளு எப்படி இருக்கு?"

சும்மா கேட்கிறாரா என்று பார்ப்பவள் போல அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"வலிக்குது" என்றாள்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா."